சுருட்டி வைத்த படங்கைத் திரும்ப விரிக்க விடுங்கள்

மதிப்புக்குரிய சுற்றுலா அதிகாரிகளுக்கு,

வணக்கம். சீசன் கண்காட்சியின் இரண்டாம் நாள் காலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். என் மாணவியின் படைப்பை மட்டும் சுருட்டிப் பின்னறையில் வைக்கச் சொன்னீர்கள். வெளிநாட்டார் சங்கடப்படுவார்கள் என்பதுதான் நீங்கள் சொன்ன காரணம். அதை இருந்த இடத்திலேயே திரும்ப விரிக்க அனுமதி தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் பழைய படங்குகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பு அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அவள் பிறந்து வளர்ந்த லயக் காம்பராவின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையின், சரியான அளவு. அடுப்பு எங்கே, தாத்தா படுப்பது எங்கே, தம்பிகள் எங்கே, தான் படிக்கும் மூலை எங்கே என்று தேயிலைச் சாயத்தால் வரைந்திருந்தாள். ஏழு பேர். நடுவில் கால் வைக்க இடமில்லை. முதல் நாள் ஒரு வெள்ளைக்கார அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரத்தில் நெடுநேரம் நின்றார். சங்கடப்பட்டிருப்பார்தான். ஆனால் விலகிப் போகவில்லை. ஒவ்வொரு உருவமும் யார் என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் மாணவியின் தாய் வந்தார். கொழுந்தெடுக்க மலைக்குப் போகாமல், ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அந்த விரிப்பில் அவர் கட்டிய படங்கும் இருக்கிறது. அவருக்குக் காட்ட வெறும் தரைதான் இருந்தது. "நாங்க ஏதும் பிழையா செஞ்சிட்டமா சேர்?" என்று கேட்டார். அன்று எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே மண்டபச் சுவரில் தோட்டத் துரைமார் வாழ்ந்த பங்களாக்களின் படங்கள் அப்படியே தொங்குகின்றன. பங்களாக்கள் இன்று ஹோட்டல்கள். அவற்றுக்குக் கீழே லயங்கள் இன்னும் லயங்களாகவே இருக்கின்றன. விளம்பரத்தில் கூடையோடு சிரிக்கும் பெண்ணுக்குப் பெயர் போடுவதில்லை. வேனை நிறுத்திப் படமெடுக்கிறவர்களுக்காக அவள் நிற்கும் நேரத்தில் கொழுந்து குறைகிறது. நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், பாதிக் கூலிதான். அதை எந்த வழிகாட்டியும் பயணிகளுக்குச் சொல்வதில்லை.

1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்ததையும், அவர் உட்கார்ந்த கல்லாசனத்தையும் ஆசையாகக் காட்டுகிறீர்கள். சரி, காட்டுங்கள். அதற்கு முன்பே கோப்பித் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்களையும், வழியிலேயே செத்தவர்களையும் காட்டுங்கள். 2023-ல் அந்த வருகையின் 200-ஆம் ஆண்டை நினைத்து எங்கள் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்தப் பாதையும் இந்தத் தீவில்தான் இருக்கிறது. ஹனுஷா சோமசுந்தரம் போன்ற கலைஞர்கள் தேநீர் வடிகட்டும் வடியைக்கூட எங்கள் வாழ்க்கையைச் சொல்லும் படைப்பாக்கியிருக்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளை அதே வழியில் போனால் ஏன் பயப்படுகிறீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், மன்னியுங்கள். பயணிகள் வர வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்த ஹோட்டல்களில்தான் வேலை. வருகிறவர்கள் முழுவதையும் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கிறது. அன்று மலையில் வேலை இல்லை, அந்தத் தாய் பேர் போகாமல் வரலாம். அதற்குள் விரிப்பை அதே இடத்தில் விரிக்க அனுமதிக்குமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். பின்னறைச் சாவி உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. சொன்னால் நானும் மாணவியும் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலையின் சித்திர ஆசிரியர்