இறந்தவர் கையெழுத்தோடு வந்த பியட்: பழைய கார் விற்பனை நிறுவனத்துக்குப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
பழைய கார் விற்பனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: கர்நாடகப் பதிவு எண் கொண்ட 1982 பிரீமியர் பத்மினி (பியட்) காரை அசல் ஆர்.சி. (பதிவுச் சான்று), ஹெச்.பி. (வண்டி மீதான கடன் பதிவு) ரத்து, என்.ஓ.சி. (வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லாச் சான்று) எதுவும் இல்லாமல் விற்றது. ஆவணங்களை முடித்துத் தரவும், இல்லையேல் வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரவும் கோரி.

ஐயா,

வண்டியோடு நீங்கள் கொடுத்த உறையில் இருந்தவை இவ்வளவுதான்: ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ், பெயர் மாற்றத்துக்காகக் கையெழுத்துப் போட்ட படிவம் 29 இரண்டு படி, படிவம் 30 ஒன்று, உங்கள் டெலிவரி நோட்டு, 'பேப்பர் செலவு' என்று 12,000 ரூபாய்க்கு ஒரு ரசீது. முப்பது நாளில் பெயர் மாறும் என்று டெலிவரி நோட்டிலேயே எழுதித் தந்திருக்கிறீர்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது.

தாமதம்தான் குறை என்றால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. ஜெராக்ஸில் உரிமையாளராக இருப்பவர் 2019-இல் காலமானவர். இறப்புச் சான்றின் நகலை இணைத்திருக்கிறேன். உங்கள் படிவம் 29-இலும் 30-இலும் அவர் கையெழுத்துக்குக் கீழே 2025 ஆகஸ்ட் என்று தேதி இருக்கிறது. உயிரோடிருந்தபோது கையெழுத்து மட்டும் வாங்கி வைத்த 'ஓப்பன் ஃபார்ம்' ஒன்றில் யாரோ பிற்பாடு தேதியை நிரப்பியிருக்கிறார்கள், அல்லது கையெழுத்தே அவருடையது இல்லை. இரண்டில் எதுவானாலும் அந்தத் தாளை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என் கையால் நீட்ட மாட்டேன்.

கேட்டபோது உங்கள் ஊழியர்கள் மூன்று வழி சொன்னார்கள். மூன்றும் ஏன் ஆகாது என்பதை எழுதிவிடுகிறேன். அடுத்து வருகிறவருக்கும் இதையே சொல்வீர்கள் என்று தோன்றுகிறது.

முதல் வழி, ஆர்.சி. தொலைந்ததாக என் பெயரில் போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கிக்கொள்வது. என் கைக்கே வராத புத்தகத்தை நான் எப்படித் தொலைப்பேன்? அது பொய்த் தகவல். அதோடு, டூப்ளிகேட்டுக்கான படிவம் 26-இல் விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு பெற்ற உரிமையாளர். மத்திய மோட்டார் வாகன விதி 53-இன்படி, தொலைந்த இடத்துக் காவல் நிலையத்தில் தெரிவித்து, ஆர்.சி. வழங்கிய அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த அலுவலகம் கர்நாடகத்தில் இருக்கிறது. இங்கே தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் எடுக்கும் தொலைந்த ஆவண அறிக்கையை வைத்துக்கொண்டு அங்கே வேலை நடக்காது. இன்னொன்றும் உண்டு. புத்தகம் தொலைந்தேதான் போனதா, அல்லது எங்காவது அடமானத்திலோ நீதிமன்றத்திலோ கிடக்கிறதா? இதற்கு உங்களிடமிருந்து இதுவரை பதில் இல்லை.

இரண்டாவது வழி, 'விண்டேஜ் நம்பர் போட்டுக்கலாம் சார்'. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கானவை. 1982 வண்டிக்கு 2032 வரை அந்தக் கதவு திறக்காது. திறக்கும் அன்றும், இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி.யைக் கேட்பார்கள். 20,000 ரூபாய் கட்டி வாங்கும் அந்தப் பதிவை வைத்து அன்றாடம் ஓட்டவும் முடியாது. ஆர்.சி. இல்லாத வண்டிக்கு அது குறுக்குவழியாக எந்த நாளும் ஆகாது.

மூன்றாவது வழி, 'நம்ம புரோக்கர் முடிச்சுக் கொடுப்பார்'. இதற்கு விளக்கம் வேண்டாம்.

நடக்கக்கூடிய வழி ஒன்றுதான். அதில் எதற்குப் பின் எது என்பதே முக்கியம். ஒரு படி பிசகினால் எல்லாம் முதலிலிருந்து.

முதலில் பி ரிஜிஸ்டர். நம்மிடம் இருக்கும் ஜெராக்ஸை நம்பி ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியாது. மூல அலுவலகத்தில் கையால் எழுதிய பழைய பதிவேட்டின் நகலை, பி எக்ஸ்ட்ராக்ட் என்பார்கள், முத்திரையோடு வாங்க வேண்டும். கடைசி உரிமையாளர் யார், ஹெச்.பி. யார் பெயரில், சேசிஸ் எண், எஞ்சின் எண், வரி எதுவரை, ஆர்.சி. எதுவரை என்பதெல்லாம் அதில்தான் உறுதியாகும். மூன்றெழுத்து எண் காலத்து வண்டிகள் பல அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனில் ஏறவே இல்லை. இந்த எண்ணைத் தட்டினாலும் விவரம் வருவதில்லை. பதிவேட்டைப் பார்த்து அந்த அலுவலகமே பழைய விவரங்களைக் கணினியில் ஏற்றினால்தான், அதாவது பேக்லாக் என்ட்ரி போட்டால்தான், இணையத்தில் எந்த விண்ணப்பமும் திறக்கும். அலுவலகம் பிற்பாடு பிரிக்கப்பட்டிருந்தால் பழைய பேரேடு தாய் அலுவலகத்தில் கிடக்கும். அங்கும் இங்கும் அலைவது பெரும்பாலும் இதற்காகத்தான். பேக்லாக் போடும்போதே கைபேசி எண்ணையும் ஏற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் ஓ.டி.பி. போய்ச் சேர எண்ணே இருக்காது.

அடுத்தது வாரிசுகள். உரிமையாளர் இறந்தால் வண்டி தானாக யாருக்கும் மாறாது. விதி 56-இன்படி இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் யாரும் செய்யவில்லை. இப்போது இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஒருவர் பெயருக்கு மாற்ற மற்ற வாரிசுகளின் சம்மதப் பிரமாணப் பத்திரம் இவற்றோடு படிவம் 31 போட வேண்டும். வாரிசு ஒருவர் பெயருக்கு வந்த பிறகே அவர் படிவம் 29, 30-இல் கையெழுத்திட்டு விற்க முடியும். இறந்தவரிடமிருந்து நேராக என் பெயருக்குத் தாவ வழியில்லை.

வாரிசுகள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்கிறீர்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர். தகப்பனார் பெயரில் ஒரு வண்டி ஊர் சுற்றுவது அந்தக் குடும்பத்துக்கும் தலைவலிதான். மரியாதையாகப் போய், செலவை நீங்களே ஏற்று, தாள்களைத் தயாராக எடுத்துச் சென்றால் பெரும்பாலோர் கையெழுத்திடுவார்கள்.

இனி ஹெச்.பி. இந்த வண்டியில் பெரிய முடிச்சு இதுதான். விற்கும்போது இதைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. ஜெராக்ஸின் பின்பக்கம், மங்கலாக, 1994-இல் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் போட்ட ஹெச்.பி. முத்திரை இருக்கிறது. ரத்து முத்திரை இல்லை. கடன் எப்போதோ அடைந்திருக்கலாம். ஆனால் பதிவேட்டில் அந்த வரி இருக்கும் வரை நிதி நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றமும் இல்லை, என்.ஓ.சி.யும் இல்லை. டூப்ளிகேட் கேட்கும் படிவம் 26-இலும் நிதி நிறுவனத்தின் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. ஹெச்.பி. ரத்தை எழுதவோ ஆர்.சி. வேண்டும், ஆர்.சி. டூப்ளிகேட் வாங்கவோ ஹெச்.பி.காரர் கையெழுத்து வேண்டும். அதனால் படிவம் 26, ஹெச்.பி. ரத்துக்கான படிவம் 35, நிதி நிறுவனத்தின் கடிதம் மூன்றையும் ஒரே மூச்சில் கொடுப்பதுதான் வழி. படிவம் 35-இல் உரிமையாளர் பக்கமும் நிதி நிறுவனத்தின் பக்கமும் கையெழுத்து வேண்டும் என்பதால், வாரிசு விஷயத்தைத் தள்ளிப்போட்டு இதைத் தொடங்கவும் முடியாது.

அந்த நிதி நிறுவனம் இப்போது அந்த முகவரியில் இல்லை. கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பெயரைத் தேடினால் அதன் நிலை தெரியும். வேறொன்றோடு இணைந்திருந்தால், இணைத்துக்கொண்ட நிறுவனம் கடிதம் தர வேண்டும். கலைப்பில் இருந்தால் அதிகாரபூர்வக் கலைப்பாளரிடம் போக வேண்டும். பெயரே நீக்கப்பட்டிருந்தால்தான் கடினம். பதிவு அதிகாரி நீதிமன்ற உத்தரவு கேட்கக்கூடும். ஐந்து நிமிடத் தேடல் இது. வண்டியை விலைக்கு எடுக்கும் முன்பே நீங்கள் செய்திருக்க வேண்டியது.

எஞ்சின் எண்ணும் பொருந்தவில்லை. சேசிஸ் எண்ணின் மேல் டிங்கரிங்கில் பட்டி பூசி அதன் மேல் பெயின்டும் அடித்திருக்கிறார்கள். சுரண்டிவிட்டு, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பென்சில் பிரிண்டில் ஓர் இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. எஞ்சின் எண் தெளிவாகவே வேறு. இந்த வயது பியட்டில் எஞ்சின் மாற்றுவது அதிசயமில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-இன்படி அதை ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். எந்த வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின், அதற்கு ரசீது எங்கே? அது இல்லாமல் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தினால் வண்டியைப் பிடித்து வைக்கவே அதிக வாய்ப்பு.

இவை முடிந்தால் மிச்சம் வழக்கமான வேலை. ஜெராக்ஸின்படி ஆர்.சி. 2017-இல் காலாவதி. படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 10,000 ரூபாய், தாமதத்துக்கு மாதம் 500 தனி. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று உண்டு. இந்தக் கார்புரேட்டர் வண்டி ஐட்லிங்கில் 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடுக்குள் நிற்க வேண்டும். இப்போதிருக்கும் டியூனிங்கில் நிற்காது. அதன் பின் படிவம் 28-இல் என்.ஓ.சி. திருட்டு வழக்கு இல்லை என்று போலீஸ் அறிக்கை பெற்றே அதைத் தருவார்கள். 30 நாளில் தரவோ மறுக்கவோ வேண்டும், இல்லாவிட்டால் தந்ததாகவே கருதப்படும் என்று பிரிவு 48 சொல்கிறது. இங்கே வந்த பிறகு புது எண்ணுக்கான படிவம் 27, ஆயுள் வரி, தமிழ்நாட்டு எண். அந்தக் கடைசிப் படியும் அதன் வரியும் என் பொறுப்பு; அதில் எனக்குத் தகராறு இல்லை.

அதற்கு முந்தைய எதுவும் வாங்கியவன் செய்யக்கூடியது இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் 55-ஏ முதல் 55-எச் வரை உங்களைப் போன்ற பழைய வண்டி வியாபாரிகளுக்காகவே வந்தவை. பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று வேண்டும்; உரிமையாளர் வண்டியை ஒப்படைக்கும்போதே படிவம் 29-சி மூலம் தெரிவிக்க வேண்டும்; அப்போதிலிருந்து வண்டிக்கு நீங்களே உரிமையாளராகக் கருதப்படுவீர்கள். டூப்ளிகேட் ஆர்.சி., புதுப்பித்தல், என்.ஓ.சி. எல்லாவற்றுக்கும் நீங்களே விண்ணப்பிக்கலாம். இந்த வண்டிக்குப் படிவம் 29-சி போடப்பட்டதா? இறந்தவர் பெயரில் அதைப் போட்டிருக்க முடியாது என்பதால்தான் கேட்கிறேன். அங்கீகாரச் சான்றின் நகலையும் பதிலோடு அனுப்புங்கள்.

நான் கேட்பது: கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பி எக்ஸ்ட்ராக்ட், நிதி நிறுவனத்தின் தற்போதைய நிலை, எஞ்சின் ரசீது மூன்றும் என் கைக்கு வர வேண்டும். 90 நாளுக்குள் வாரிசு பெயர் மாற்றம், ஹெச்.பி. ரத்து, டூப்ளிகேட், புதுப்பித்தல், என்.ஓ.சி. உங்கள் செலவில் முடிய வேண்டும். எஞ்சின் ரசீது இல்லை என்றாலோ, நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தாலோ, 90 நாள் காத்திருக்க வேண்டாம். வண்டியை எடுத்துக்கொண்டு விலை 1,85,000 ரூபாயையும் 'பேப்பர் செலவு' 12,000 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள். அதுவரை வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது. செல்லுபடியாகும் பதிவும் இன்சூரன்ஸும் இல்லாமல் தெருவில் இறக்க மாட்டேன். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, டயருக்கு அடியில் கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். வந்து பார்க்கலாம்.

15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. தேதி நிரப்பிய படிவம் 29, 30 அசலாக என்னிடமே இருக்கும். அவற்றை உங்கள் ஊழியரிடம் திருப்பித் தரும்படி இனி தொலைபேசியில் கேட்க வேண்டாம்.

இணைப்பு: ஆர்.சி. ஜெராக்ஸ் இரு பக்கமும், படிவம் 29, 30 நகல்கள், இறப்புச் சான்றின் நகல், டெலிவரி நோட்டு, 12,000 ரூபாய் ரசீது, சேசிஸ், எஞ்சின் எண்களின் பென்சில் பிரிண்ட், இரண்டின் புகைப்படங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்