பிரசவ வார்டுப் பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளுக்கும் மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். இடிக்கப்போகும் பழைய பிரசவ வார்டின் பதிவேடுகள், தரைத்தளத்தில் மோட்டார் அறையை ஒட்டி வெறுந்தரையில் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் விலையும் பேசியாயிற்று என்று அறிகிறோம். ஒரு பதிவேட்டைக்கூட எடைக்குப் போட வேண்டாம் என்று கேட்கவே இம்மடல்.

அவற்றின் அருமை நீங்கள் அறியாததல்ல. கன்னியாஸ்திரிகள் பிரசவம் பார்ப்பதைத் திருச்சபை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 1920-இல் குண்டூர் வந்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, துறவியான பின்னும் மருத்துவம் பார்க்கத் திருத்தந்தையின் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. 1936-இல்தான் வத்திக்கான் எல்லாச் சகோதரிகளுக்கும் வழிவிட்டது. சகோதரிகளே பேறு பார்த்துக் கையெழுத்திட்ட பக்கங்கள் அந்த மாற்றத்தின் நேரடிச் சான்று.

வரலாறு இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். ஓராண்டு கடந்த பிறப்பை நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. அதற்கு அவர் காட்டக்கூடிய வலுவான ஆதாரம் உங்கள் பதிவேட்டின் ஒரே ஒரு வரி: தாயின் பெயர், தேதி, நேரம், குழந்தையின் எடை. கைத்தடியோடு வருகிறவரை, "பழசெல்லாம் இல்லைங்க" என்று ரெக்கார்டு பிரிவில் திருப்பி அனுப்புகிறார்கள். அவர் தேடும் வரி இரண்டு சுவர் தள்ளி ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன் அவற்றை மாடிக்கு ஏற்றுங்கள். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கட்டும். சுவரோடு ஒட்டாமல் காற்றுக்கு இடம் விடுங்கள். நனைந்தவற்றை வெயிலில் போட்டால் தாள் முறுக்கிக்கொள்ளும், மை வெளுக்கும். மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒன்றாக உறிஞ்சுதாள் வைத்து, ஊறியதும் மாற்றுங்கள். இரண்டு நாள் தாமதித்தாலே பூஞ்சணம் பிடித்துவிடும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது. செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். டேப்பின் பசை பழுப்பேறித் தாளைக் கெடுக்கும், லேமினேஷனைப் பிறகு பிரிக்க முடியாது. ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் பழைய தையல் விட்டுப்போகும்; மேலிருந்து கேமராவில் எடுப்பதே நல்லது. நோயாளிகளின் அந்தரங்கம் குறித்த தயக்கம் நியாயமானது. மூலத்தைப் பூட்டி வைத்து, உரியவருக்கு அவருடைய வரியை மட்டும் சான்றொப்பமிட்டுத் தரலாம்.

இந்த நகரில் அடிக்கல்லைப் பெயர்த்துப் புதுக் கட்டடத்தில் பதிக்கிறோம். உள்ளே பிறந்தவர்களின் பெயரை விற்றுவிடுகிறோம். 2015 வெள்ளத்தைப் பார்த்த பிறகும் ஆவணங்களைத் தரைத்தளத்தில் போட யாருக்கு மனம் வருகிறது? கடுமைக்குப் பொறுத்தருள்க.

எந்தப் பதிவேடும் எடைக்குப் போகாது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். தூக்கி ஏற்ற ஆட்களோடு நாங்கள் வருகிறோம். உறிஞ்சுதாளும் வாங்கி வருகிறோம். எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள்.

பணிவுடன்,
சென்னையின் பழைய ஆவணங்களில் அக்கறையுள்ளோர்