மாநிறத்துக்கு மாவு பூச வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குவதால் இதை எழுதுகிறேன். கோவில்பட்டியில் 14 வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். என்னிடம் வருகிற பெண்களில் பெரும்பாலோர் மாநிறம் அல்லது நல்ல கறுப்பு. கூட வரும் அம்மாவோ அத்தையோ முதலில் சொல்வது, "கொஞ்சம் கலரா காட்டிடும்மா" என்பதுதான். 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமே 2020-இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. எங்கள் பார்லர்களில் அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை.

நான் படித்த பயிற்சி மையத்தில் மூன்று மாதமும் வெளுத்த முகங்களில்தான் கை பழக்கினார்கள். கறுப்பு முகத்துக்குச் சொன்னது ஒரே வரி: "ரெண்டு ஷேடு ஏத்திப் போடு." என் முதல் கல்யாணப் பெண்ணுக்கு அப்படியே, அவள் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பாகப் போட்டேன். முகம் சாம்பல் பூத்துவிட்டது. கழுத்தும் காதும் தனி நிறம். ஆல்பத்தை அவள் யாருக்கும் காட்டுவதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இன்றும் மனசு உறுத்துகிறது.

முகம் முழுக்க முதலில் பூசும் ஃபவுண்டேஷன், வெளிர் நிறமாக இருந்தால், அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி கூடுதலாக இருக்கும். கறுத்த தோலில் அதுதான் சாம்பலாகத் தெரிகிறது. இப்போது நான் மூன்று ஷேடுகளைத் தாடை ஓரத்தில், கழுத்து வரை கோடாக இழுத்து, பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுவேன். புறங்கையில் பார்ப்பதே இல்லை. கை நிறம் வேறு, முக நிறம் வேறு. கால் மணி நேரத்தில் சில ஷேடுகள் ஒரு படி கறுத்துவிடும். அதன் பிறகும் எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கரைகிறதோ, அதுதான் அவளுடையது. கண்ணடியிலும் வாயைச் சுற்றியும் உள்ள கருமைக்கு, ஆரஞ்சு நிற கரெக்டரை முதலில் மெல்லிசாகத் தொட்டால் போதும். உதட்டுக்கு அரக்கோ செங்கல் நிறமோ போட்டால் பட்டுக்கும் தங்கத்துக்கும் அப்படி எடுக்கும்!

போன தை மாதம் ஒரு தாயார் விடாமல் வற்புறுத்தினார். பாதி முகத்துக்கு அவர் கேட்டபடியும் மறுபாதிக்கு மகளின் நிறத்திலும் போட்டுக் கண்ணாடியைக் கொடுத்தேன். வெளுத்த பாதியை அவரே பஞ்சால் துடைத்துவிட்டார்.

அழகுக்கலைப் பயிற்சி மையங்கள், அரசு நடத்துபவை உட்பட, கறுத்த முகங்களிலும் மாணவிகளுக்குக் கை பழக்க வேண்டும். எங்கள் ஊர்க் கடைக்காரர்களும் அடர்ந்த ஷேடுகளை வாங்கி வைக்க வேண்டும். இன்னும் நான் அதற்காக மதுரைக்கு பஸ் ஏறுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அழகுக்கலைஞர்,
கோவில்பட்டி.