பொகோட்டாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சு கேட்க மாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் ‘ம்ம்’ கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சனிக்கிழமைகளில் பொகோட்டாவை ஒட்டிய சோவாச்சா போய், சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருகிறாய். “பேரு சமாதான வேலை, ஆனா பந்து உருட்டிட்டுதான் வர்றோம்மா” என்று சலித்துக்கொண்டாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உனக்குக் கொலம்பியாவில் வேலை என்றதும் பயத்தில் அந்த நாட்டைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

அந்நாட்டின் வடமேற்கில் உராபா என்று வாழைத்தோட்டப் பகுதி. அங்கே அபார்ட்டடோ என்ற ஊர். கெரில்லாக்கள் ஒரு பக்கம், துணை ராணுவக் குழுக்கள் இன்னொரு பக்கம், நடுவில் ஜனங்கள். 1996-ல் போரில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்த கிராசா மஷேல் அந்த ஊருக்கு வந்தார். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் அனுபவங்களை எழுதியும் வரைந்தும் திரட்டி, ஓர் அறிக்கையே கொடுத்தார்கள். எங்களை அனாதை ஆக்காதீர்கள், தெருவில் பயமில்லாமல் விளையாட விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஃபார்லிஸ் காயே என்ற பள்ளி மாணவி அப்போது முன்னால் நின்றவர்களில் ஒருவர்.

அதே வருஷம் அக்டோபர் 25-ம் தேதி நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கெடுப்பு. யூனிசெஃப், அந்நாட்டு அமைதிக் குழுக்களின் கூட்டமைப்பான ரெடேபாஸ் போன்ற அமைப்புகள் துணை நின்றன. வாக்குச்சீட்டில் 12 உரிமைகள். எது உங்களுக்கு முக்கியம் என்று கேள்வி. சுமார் 27 லட்சம் பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள். உயிரோடு இருக்கும் உரிமையும் அமைதியும்தான் முன்னால் வந்தன. அடுத்த வருஷம் பெரியவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர் அதை ஆதரித்து வாக்களித்தார்கள். 1998-ல் அந்தப் பிள்ளைகளின் இயக்கம் நோபல் அமைதிப் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு வட அயர்லாந்துத் தலைவர்கள் இருவருக்குப் போனது. போகட்டும். உன் ஆபீஸில் நாற்பதை ஒட்டிய வயதில் யாராவது இருந்தால் கேட்டுப் பார், சின்ன வயதில் அந்த ஓட்டைப் போட்டவராக இருக்கலாம்.

இந்த வாக்கெடுப்பைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ ஒரு முதுகுப் பைதான் அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதே உராபா பகுதியில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, பையில் துணிப் பொம்மைகள், மரச் சாமான்கள், கதைப் புத்தகங்கள் போட்டு, அகதிகளாய் வந்த சின்னஞ்சிறுசுகளிடம் அனுப்பினார்கள். வீட்டில் நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாத குழந்தை பொம்மையை வைத்துச் சொல்லிவிடும். நீ செய்வதும் இதுதானே?

நம்ம பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கட்டி வந்த சாதிக்கயிறு ஞாபகமிருக்கிறதா? அவிழ்க்கச் சொல்லி மிரட்டினால் சட்டைக் கைக்குள் ஏற்றிக்கொள்வார்கள். பி.டி. சார் கபடிக்கு எல்லோரையும் கலந்து அணி பிரித்தார். வியர்வையில் கசகசக்கிறது என்று அவர்களாகவே கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு ஓடினார்கள். ஆட்டம் முடிந்து திரும்பக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

கொலம்பியாவிலும் பிள்ளைகள் ஓட்டுப் போட்டதும் துப்பாக்கி ஓய்ந்துவிடவில்லை. ஃபார்க் என்ற பெரிய கெரில்லாப் படையோடு அரசு 1999-ல் தொடங்கிய பேச்சுவார்த்தை 2002-ல் முறிந்தது. பிறகு அவர்களோடு போட்ட அமைதி ஒப்பந்தத்தை 2016 அக்டோபர் 2-ம் தேதி மக்களிடம் வாக்குக்கு விட்டார்கள். அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. மூன்றே நாளில் பொகோட்டா மாணவர்கள் அழைப்பு விடுக்க, ஆயிரக்கணக்கானோர் பேச்சில்லாமல் ஊர்வலமாக பொலிவார் சதுக்கத்துக்குப் போனார்கள். அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கியவர்களும் உண்டு. திருத்திய ஒப்பந்தம் நவம்பர் 24-ல் கையெழுத்தானது. அதற்குப் பிறகும் வேறு குழுக்களின் சண்டை ஓயவில்லை, உனக்குத் தெரியாததா!

அப்புறம், ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பிள்ளைகளிடம் “யார் உங்களைத் துரத்தினது?” என்று நீயாகக் கேட்காதே. ஒரே பந்துக்கு ஓடும் இரண்டு பிள்ளைகளின் குடும்பங்களை எதிரெதிர்க் கூட்டங்கள் துரத்தியிருக்கும். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதும் வேண்டாம். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடு. இது உன் அம்மாவாகச் சொல்வது, சமாதானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பந்து சலித்துவிட்டதென்றால் பாட்டியின் பல்லாங்குழியை எடுத்துக்கொள். அப்பா கீலுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருக்கிறார், இந்த வாரம் பார்சலில் போகும். புளியங்கொட்டையை மட்டும் அனுப்பவில்லை, சுங்கத்தில் விடுவார்களோ என்னவோ. காபிக் கொட்டைக்கா அங்கே பஞ்சம்? குழிக்கு ஐந்தைந்தாகப் போட்டு ஆரம்பி. முதல் ஆட்டத்தில் நீ ஜெயித்துத் தொலைக்காதே.

அன்புடன்,
அம்மா