பொரித்த எண்ணெயை எங்கே ஊற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மனைவி தட்டை வடை சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். கிழமையில் நாலு நாள் அடுப்பு எரியும். எண்ணெய் கறுத்து நுரைக்கத் தொடங்கினால் அதைத் திரும்பத் தாச்சியில் விட மாட்டார்; கானில் ஊற்றி ஒதுக்கிவிடுவார். இப்போது கோடிப்புறத்தில் நாலு கான் நிற்கிறது. வளவுக்குள் ஊற்றலாமென்றால் பக்கத்தில் கிணறு. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது நாளைக்கு வாளியில் வரும். போன மாதம் ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்து லீற்றர் கணக்கில் வாங்குவதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "அது உங்களுக்கு ஏன் அண்ணை?" என்றார். இன்னொரு தாச்சிக்குத்தான் போகும் என்று விளங்கியது. கொடுக்கவில்லை.

நான் முப்பத்தைந்து வருடம் கராஜில் நின்றவன். யுத்தத்தில் வடக்குக்கு எரிபொருள் விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் சூப்பிப் போத்தலால் ரெண்டு சொட்டுப் பெற்றோல் அடித்து ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய ஆட்கள்தானே நாங்கள். 2022 இல் டீசலுக்கு வரிசையில் கிடந்து அலுத்துப்போய், வடை எண்ணெயைத் துணியில் வடித்து டீசலோடு கலந்து ஒரு பழைய லாண்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) விட்டுப் பார்த்தேன். ஓடியது. வடை வாசமும் வந்தது. இரண்டு கிழமையில், எஞ்சினுக்குள் எரிபொருளை விசிறும் இன்ஜெக்டர் கரிபிடித்து அடைத்துவிட்டது. பிழை என்னுடையதுதான். 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த எண்ணெய் தடிப்பு. எஞ்சினுக்குள் புகைபோல விசிறாது, சொட்டாக விழுந்து கருகும்.

அதை மெல்லியதாக்க வேண்டும். வடித்து, சூடாக்கி ஈரம் போக்கி, மெதனோலும் கொஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கினால் கிளிசரின் அடியில் படியும். மேலே நிற்பதைக் கழுவி எடுத்தால், டீசல் எஞ்சினில் எரிக்கக்கூடிய பயோடீசல். 100 லீற்றர் எண்ணெய்க்குச் சுமார் 20 லீற்றர் மெதனோல் போகும். ஈரம் மிஞ்சினால் சவர்க்காரம்தான் கிடைக்கும். மெதனோல் நஞ்சு, சட்டென்று தீயும் பிடிக்கும். இந்தக் கடிதத்தைப் பார்த்து யாரும் குசினியில் இறங்கிவிடாதீர்கள்.

லண்டனில் மருமகன் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் பழைய எண்ணெயைக் காசு கொடுத்து எடுத்துப் போகிறார்களாம். இங்கே நல்லூர்த் திருவிழா 25 நாளும் வடை, பஜ்ஜிக் கடைகளில் மிஞ்சுகிற எண்ணெய் எங்கே போகிறது? வடிகானுக்குள் போவதை நானே கண்டிருக்கிறேன்.

யாழ். மாநகரசபைக்கு என் வேண்டுகோள் இதுதான். கடைக்கு இடம் கொடுக்கும்போதே, பொரித்த எண்ணெயைத் திருப்பித் தரவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். வீதிக்கு ஒரு பரல் வையுங்கள். சேர்வதைக் கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திடம் கொடுத்துப் பயோடீசலாக்கித் தர முடியுமா என்று கேளுங்கள். நல்லபடி வந்தால் குப்பை அள்ளும் உழவு இயந்திரம் ஒன்றில், டீசலில் ஐந்திலொரு பங்காகக் கலந்து பார்க்கலாம். பழைய ரப்பர் குழாய்களை முதலே மாற்ற வேண்டும், பயோடீசல் அவற்றை ஊறவைத்துக் கெடுக்கும். தாங்கியில் கிடக்கும் ஊத்தையையும் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் பில்ரர் ஆரம்பத்தில் அடிக்கடி அடைக்கும். அந்த வேலைக்கு நான் சம்பளமில்லாமல் வருகிறேன். என்னுடைய நாலு கானையும் கொண்டுவருவேன்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்,
கொக்குவில்.