வாயில் பனியை அடக்கிக்கொண்டவர்

அன்புள்ள தம்பிக்கு,

பின்லாந்தின் ருவோகொலாத்தி தேவாலயக் கல்லறையில் எடுத்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. "500 பேருக்கு மேல் சுட்டவராம்ப்பா" என்று மட்டும் எழுதியிருந்தாய். மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவதில் பேர்போன பின்லாந்து வீரர் சிமோ ஹைஹா பெயரை நான் பட்டாளத்தில் சேர்ந்த புதிதிலேயே கேட்டிருக்கிறேன். குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்த சுபேதார் அடிக்கடி அவர் கதையைச் சொல்வார்.

ஹைஹா ஒரு விவசாயி. உயரம் ஐந்தே கால் அடிதான். 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தபோது அவருக்கு 33 வயது. கொல்லா என்ற போர்முனையில் நிறுத்தப்பட்டார். துப்பாக்கியில் ஸ்கோப் (தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் குறிக்கண்ணாடி) மாட்டிக்கொள்ளவில்லை. ஸ்கோப் இருந்தால் தலையைக் கொஞ்சம் தூக்க வேண்டும், கண்ணாடி வெயிலில் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும், குளிரில் மங்கியும் போகும். சுடும்போது பனித்தூள் கிளம்பாதபடி குழல் முனைக்கு முன்னால் பனியை அழுத்திக் கெட்டிப்படுத்துவார். மூச்சு ஆவி வெளியே தெரியாமலிருக்க வாய்க்குள் பனியை அடக்கிக்கொள்வார். லடாக்கில் இரண்டு குளிர்காலம் காவல் நின்றவன் நான். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் உரிந்துகொண்டு வரும். மைனஸ் 40 வரை இறங்கிய குளிரில் வாயில் பனியோடு மணிக்கணக்கில் அசையாமல் கிடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பல் கூசுகிறது.

1940 மார்ச் 6 அன்று வெடிக்கும் தோட்டா ஒன்று அவர் தாடையைப் பிய்த்துவிட்டது. நினைவு திரும்பிய 13ஆம் தேதிதான் போரும் நின்றது. 26 அறுவை சிகிச்சைகள். அப்புறம் அந்த முகத்தோடு 62 வருடம் வாழ்ந்தார், தம்பி. நாய் வளர்த்தார், மூஸ் மான் வேட்டைக்குப் போனார். இவ்வளவு குறி எப்படி வந்தது என்று கேட்டால் "பழக்கம்" என்பார். வருத்தம் உண்டா என்றால், சொன்ன வேலையை முடிந்தவரை நன்றாகச் செய்தேன் என்பார். 2002இல் 96 வயதில் இறந்தார். எனக்கு அந்த எண்ணிக்கையைவிட இந்த 62 வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது.

எதிரில் வந்த சோவியத் பையன்களில் பலருக்கு வெள்ளை உடுப்புகூட இல்லை. காக்கியோடு பனியில் நடந்தார்கள். அது எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டிலும் யாரோ கடிதத்துக்குக் காத்திருந்திருப்பார்கள். இரவு வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, மறுபடி அந்தப் பக்கம் போனால் ரவுத்யார்வியில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு எழுது. படத்தில் கல்லறைக் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் உன் கையில் கையுறை இல்லை. அம்மாதான் முதலில் கவனித்தாள். போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா