மரவள்ளிப் பை மாரியிலும் தாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரவள்ளி மாவிலிருந்து 'பிளாஸ்டிக்' செய்யும் செய்முறை பாடசாலைக் கண்காட்சிகளிலும் பத்திரிகைகளின் மாணவர் பக்கங்களிலும் அடிக்கடி வருகிறது. மா, தண்ணீர், கிளிசரின், வினாகிரி நான்கையும் தாச்சியில் கிண்டித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் பளபளவென்று ஒரு தாள் உரிந்து வரும். படம் எடுக்க அது போதும். கச்சான் வீசும் ஆடியில் அந்தத் தாள் மடித்த இடத்தில் முறியும். கார்த்திகை மழை தொடங்கினால் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். பிள்ளைகளில் பிழையில்லை, செய்முறையில்தான் பிழை.

முதற் பிழை வினாகிரி. அமிலமும் சூடும் சேர்ந்தால் மாப்பொருளின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் துண்டுபடும். களி கட்டிபடாமல் மினுங்கும். அதனாலேயே செய்முறையில் அது நிலைத்துவிட்டது. ஆனால் தாளுக்குப் பலம் கொடுப்பது சங்கிலியின் நீளம். களி காய்ச்சும்போது வினாகிரி வேண்டாம். அதற்கு வேறு இடம் இருக்கிறது, பின்னால் வருகிறோம்.

அளவு இது: 100 மில்லிலீற்றர் தண்ணீர், வடித்தெடுத்த மரவள்ளி மா 5 கிராம், கிளிசரின் 1.5 கிராம். கிளிசரின் தண்ணீரை விடப் பாரமானது, ஆகவே சிரிஞ்சில் 1.2 மில்லிலீற்றர். கரண்டிக் கணக்கு இங்கே சரிவராது. கிளிசரின் மாவின் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் தாள் அப்பளம். 40ஐத் தாண்டினால் ஒட்டும். கிளிசரின் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை வழுக்க விடுகிறது, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. நெகிழ்வையும் கசிவையும் தருவது அந்த ஒரே பொருள்தான்.

மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். 60 முதல் 70 பாகையில் களி தடித்துவிடும். பலர் அத்தோடு இறக்கிவிடுகிறார்கள். மாவின் நுண்மணிகள் அப்போது ஊதியிருக்கின்றனவே தவிர முழுதாக உடையவில்லை. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, மூடியும் போட்டு, 85 முதல் 90 பாகையில் 20 நிமிடமாவது கிண்டுங்கள். அடித்துக் கிண்டக் கூடாது. உள்ளே போகும் ஒவ்வொரு காற்றுக்குமிழும் காய்ந்தபின் ஊசித்துளை. கிழிசல் அங்கிருந்துதான் ஓடும். இறக்கிப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலே வந்த நுரையை வழித்துவிட்டு ஊற்றலாம்.

30 சென்ரிமீற்றருக்கு 20 சென்ரிமீற்றர் தட்டில் இந்த அளவை ஊற்றினால் ஏறக்குறைய 80 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 80 பங்கு) தடிப்பு வரும். தட்டு மட்டமாக இருக்க வேண்டும்: ஒரு பக்கம் 40, மறுபக்கம் 120 என்று வந்த தாள் 40 உள்ள பக்கத்தில்தான் அறும். கண்ணாடியில் தாள் ஒட்டிக்கொள்ளும், வழுவழுப்பான பிளாஸ்டிக் தட்டு நல்லது. வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து ஓரம் சுருண்டு வெடிக்கும். நிழலில், மெல்லிய காற்றில், ஒரு நாள் விடுங்கள்.

இனி, பலமூட்டும் சரக்கு. மட்டக்களப்பு வாவிக்கரையில் இறால் கோதும் நண்டு ஓடும் நாறிக் கிடக்கின்றன. அவற்றில் சுண்ணாம்பும் புரதமும் போக மிஞ்சுவது கைற்றின். அமிலத்தில் சுண்ணாம்பையும் மெல்லிய எரிசோடாவில் புரதத்தையும் நீக்கி, பின்பு 40 முதல் 50 சதவீத எரிசோடாவில் 100 பாகையளவில் சில மணி நேரம் வேகவைத்தால் அது கைட்டோசானாகும். இந்தக் கடைசிப் படி கண்ணையும் தோலையும் தின்றுவிடும். பாடசாலையிலோ குசினியிலோ செய்யவே கூடாது. தூளாக வாங்குங்கள்.

வினாகிரிக்கு உரிய இடம் இதுதான். கைட்டோசான் வெறுந்தண்ணீரில் கரையாது. ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் கரையும். அந்தக் கலவை 50 மில்லிலீற்றரில் 1 கிராம் கைட்டோசானை இட்டு, இடைக்கிடை கலக்கி ஓரிரவு வைத்துத் துணியில் வடியுங்கள். 50 மில்லிலீற்றர் வெறுந்தண்ணீரில் 4 கிராம் மாவைத் தனியே காய்ச்சி, 60 பாகைக்குக் கீழே ஆறியபின் இரண்டையும் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் பழையபடி அமிலம் சங்கிலியை வெட்டும். கிளிசரின் அதே 1.5 கிராம். கைட்டோசானின் அமைன் கூட்டங்கள் மாவின் ஐதரொட்சைல் கூட்டங்களைப் பிடித்துக்கொள்வதால் தாள் இறுகும், தண்ணீர் குடிப்பதும் குறையும், பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. உணவு சுற்றுவதானால் இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக மேலே எழுதியே ஆகவேண்டும்.

அம்பாறை வயல்களில் எரிக்கும் வைக்கோலும் உதவும். 1950களில் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலைக் கூழாக்கித்தான் கடதாசி செய்தது, ஆகவே இது புது வித்தையல்ல. மாவின் எடையில் 2 முதல் 5 சதவீத நார்க்கூழ் போதும். நன்றாக அரைபடாமல் முடிச்சு முடிச்சாக நின்றால் பலம் கூடுவதற்குப் பதில் குறையும்.

சித்திரிக் அமிலம் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் என்பது உண்மை. ஆனால் களியில் கரைத்துவிட்டால் மட்டும் கட்டாது; காய்ந்த தாளை 150 பாகைக்கு மேல் சில நிமிடம் சூடாக்க வேண்டும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய போறணை இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம். மஞ்சளித்துக் கருகிய தாள்தான் கிடைக்கும்.

சோதனை எளிது. 1 சென்ரிமீற்றர் அகலக் கீற்றின் இரு முனையிலும் கடதாசி ஒட்டிக் கவ்வுங்கள்; ஒட்டாவிட்டால் கவ்விய இடத்திலேயே அறுந்து, கவ்வியின் கூர்மையைத்தான் அளந்ததாகும். கீழே போத்தலைத் தொங்கவிட்டு மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். 80 மைக்ரோன் கீற்று மொத்தம் 400 கிராமில் அறுந்தால் அதன் இழுவைப் பலம் ஏறக்குறைய 5 மெகாபஸ்கால். சாதாரண பொலித்தீன் பொதுவாக 10க்கு மேல் தாங்கும். பிறகு இன்னொரு கீற்றை, அடியில் ஈரக் கறியுப்பு பரப்பிய மூடிய டப்பாவில், உப்பில் படாமல் இரண்டு நாள் வைத்து, எடுத்தவுடன் அதேபோல அளவுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 சதவீதத்தில் நிற்கும். நமது மாரி அதையும் தாண்டும். முதல் எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் பல கண்காட்சிப் பரிசுகளின் கதை தெரியும். ஒரு மாதம் கழித்தும் அளக்க வேண்டும்: மாப்பொருள் நாள்பட மீண்டும் படிகமாகி விறைத்துவிடும்.

கைட்டோசான் சேர்த்தாலும் இந்தத் தாளில் சுடுசோறும் குழம்பும் கட்ட முடியாது. 2017இல் தடைசெய்யப்பட்ட லஞ்ச் சீட்டுக்கு (சோறு சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாளுக்கு) மாற்று வாழையிலைதான். கத்தரி, மிளகாய் நாற்றுப் பைக்கும் சவர்க்காரம் சுற்றவும் இது பொருந்தும். நாற்றைப் பையோடே நடலாம்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கண்டுபிடிப்புச் செய்திகளை வெளியிடும்போது தடிப்பு எத்தனை மைக்ரோன், கிளிசரின் எவ்வளவு, எந்த ஈரப்பதனில் அளந்தார்கள், செய்து எத்தனையாம் நாள் என்ற நான்கையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
இரசாயனம் கற்பிப்போர் சிலர்,
மட்டக்களப்பு.